கட்டிலில் கொட்டிய மருந்து

அந்த வருஷம் ஆடிக் காற்று கொஞ்சம் முன்னதாகவே பிடித்துக்கொண்டது. கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கி வத்தலக்குண்டுத் தரையில் பரவும்போது அந்தக் காற்று ஆட்களின் பேச்சைக்கூட அள்ளிக்கொண்டு போய்விடும். எதிரில் நிற்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டியிருக்கும். எங்கள் வீடு சேவுகம்பட்டிக்குப் போகும் பாதையிலிருந்து விலகி, தோட்டத்தை ஒட்டி இருந்தது. ஒரு அறை, ஒரு அடுப்படி, பின்னால் பசுமாட்டுக்கு ஒரு சாய்ப்பு. எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி அதிக காலம் ஆகவில்லை. மகள் தவழ்ந்து முடித்து, எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

அவள் பிடித்து நின்றது பெரும்பாலும் கட்டிலைத்தான். அறையில் பாதியை அடைத்துக்கொண்டு கிடந்த பலகைக் கட்டில் அது. நான் ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே பிறந்தவள். அங்கே எங்கள் தோட்டத்தில் காற்றுக்கு விழுந்த ஒரு வாகை மரத்தை அறுத்து, என் அப்பா எனக்குச் சீராகச் செய்து கொடுத்தார். இழைத்ததோடு சரி, வார்னிஷ் எதுவும் பூசவில்லை. சிந்திய எதையும் அந்த மரம் குடித்துவிடும். கை தவறி ஒருமுறை விளக்கெண்ணெய் கொட்டி, அந்த இடம் கறுத்தது கறுத்தபடியே நின்றுவிட்டது. மகளுக்குப் பல் முளைக்கிற சமயம். ஈறு நமைக்கும்போதெல்லாம் கட்டில் விளிம்பில் வாயை வைத்துக் கரகரவென்று கடிப்பாள். அந்த இடத்தில் மரம் எப்போதும் எச்சிலில் ஊறி ஈரமாகவே இருக்கும்.

அப்போது நாங்கள் கத்திரி போட்டிருந்தோம். காய்ப்புழு விழுந்து, பறிக்கிற காயில் பாதி சொத்தையாகப் போனது. என் வீட்டுக்காரர் வத்தலக்குண்டுக்குப் போய் மருந்து வாங்கிவந்து அடித்தார். பூச்சியைக் கொல்லும் விஷத்துக்கு எங்கள் பக்கம் மருந்து என்றுதான் பெயர். ஒரு நாள் காலையில் அடித்து முடித்தவர், மிச்சமிருந்த குப்பியைக் குழந்தைக்கு எட்டக்கூடாது என்று ஜன்னல் மாடத்தில் வைத்துவிட்டுத் துணி மாற்றிக்கொண்டிருந்தார். நான் மகளைக் குளிப்பாட்டப் பம்புசெட்டுக்குப் போயிருந்தேன்.

காற்று ஜன்னல் கதவை உள்பக்கமாக ஓங்கி அறைந்திருக்கிறது. குப்பி கட்டிலில் விழுந்திருக்கிறது. மூடியை அவர் சரியாகத் திருகாமல் விட்டிருந்தார்.

ஈரத் தலையோடு மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வாசலுக்கு வரும்போதே வாடை முகத்தில் அடித்தது. அழுகின பூண்டும் மண்ணெண்ணெயும் சேர்ந்தாற்போல ஒரு வாடை. உள்ளிருந்து அவர் கத்தினார்.

"உள்ள வராத! பிள்ளையத் தூக்கிக்கிட்டு அங்கிட்டே நில்லு!"

அவருடைய துண்டு, வேட்டி, மூலையில் கிடந்த சாக்கு எல்லாவற்றையும் கட்டிலில் போட்டு ஒற்றிக்கொண்டிருந்தார். அவர் ஒற்ற ஒற்ற, மரம் முந்திக்கொண்டு குடித்தது. தலைமாட்டிலிருந்து நடுக்கட்டில் வரை ஒரு ஆள் கைவிரித்துக் குப்புறப் படுத்ததுபோல் பழுப்பாக ஒரு கறை. அதன் ஒரு முனை விளிம்பைத் தாண்டி வழிந்திருந்தது. மகள் கடிக்கிற இடம் அது.

குழந்தையைப் பக்கத்துத் தோட்டத்து அக்காவிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்தேன். இருவருமாகக் கட்டிலைத் தூக்கி வெளியே போட்டு, ஒரு குடம் தண்ணீரை ஊற்றினோம். ஊற்றிய தண்ணீர் வெளுத்தது. பச்சைத் தண்ணீர் மரத்தில் பட்டதும் பாலாக மாறி, நுரையோடு விளிம்பில் வடிந்தது. மருந்தைத் தண்ணீரில் கலந்தால் அப்படித்தான் வெளுக்கும் என்று அவருக்குத் தெரியும். நான் அதை அன்றுதான் முதலில் பார்த்தேன். என் மகளுக்கு நான் ஆற்றித் தருகிற பாலுக்கும் அதற்கும் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

"இன்னும் ரெண்டு குடம் ஊத்துனாப் போயிரும்" என்றார்.

போகவில்லை. எத்தனை குடம் ஊற்றினாலும் கடைசிக் குடமும் வெளுத்தே வடிந்தது.

மறுநாளிலிருந்து அந்தக் கட்டிலோடு எனக்குச் சண்டை. சாய்ப்பில் மாட்டை அப்பால் கட்டிவிட்டுக் கட்டிலை அங்கே போட்டோம். சாம்பலைக் குழைத்து அப்பி, காய்ந்ததும் சுரண்டினேன். சலவைச் சோடாவைக் கொதிநீரில் கரைத்து ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தேன். ஓடை மணலைப் போட்டு, என் விரல் நுனி தோலுரியும் வரை அரக்கினேன். சுண்ணாம்பு தடவினேன். புற்றுமண் எண்ணெய்ப் பசையை இழுக்கும் என்று அக்கா சொன்னதால், கரைத்துக் கெட்டியாகப் பூசி வெயிலில் காயவைத்தேன். மண் காய்ந்து வெடித்து உதிர்ந்தது. கறை கொஞ்சம் வெளிறினாற்போல் தெரியும். சந்தோஷமாக ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றுவேன். வெளுத்துவிடும்.

அந்த வெளுப்புதான் என் கணக்கு. முதலில் பால் மாதிரி இருந்தது, பிறகு நீர்மோர் மாதிரி, அப்புறம் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி. அதற்குமேல் குறையவே இல்லை. வெயில் ஏறினால் மரத்துக்குள்ளிருந்து அது மறுபடி மேலே கசிந்து வந்தது. சாரல் விழுந்து மரம் நனைந்தால் வாடை எழும்பி வீட்டுக்குள் வந்தது. காலையில் போய்ப் பார்த்தால் கட்டில் காலைச் சுற்றிச் சிற்றெறும்புகள் செத்துக் கிடக்கும். சாரை சாரையாக ஏறி வந்தவை, வந்த வரிசை கலையாமல் அப்படியே கிடக்கும். ஈக்கள் பலகையில் மல்லாந்து கிடக்கும். நான் அவற்றைக் கூட்டி, கோழி கொத்தாதபடி குழி தோண்டி மூடுவேன்.

"ஏனுங்க, இந்தக் கட்டல வேண்டாமுங்க. எங்காச்சும் தூக்கிப் போட்டுருங்க" என்றேன் அவரிடம்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "உங்கப்பா குடுத்த சீரு. ரெண்டு வருசம் ஆகுறதுக்குள்ள தூக்கி எறிஞ்சுட்டோம்னா உங்க ஆளுக என்ன நெனப்பாக? கட்டிலு எங்கன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? கழுவிப் பாப்போம். போகாம எங்கிட்டுப் போயிரும்?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தரையில் பாய் விரித்துப் படுத்தால் பூரான் வரும். அதனால் கழுவினேன்.

மகளைச் சாய்ப்புப் பக்கம் விடாமல் பார்ப்பது அதைவிடப் பெரும்பாடாக இருந்தது. என் பழைய சேலையை அவள் இடுப்பில் கட்டி, மறுமுனையை உரலில் முடிந்து வைப்பேன். அவளோ கட்டிலைத் தேடினாள். நிற்கப் பழகிய இடம், கடித்துப் பழகிய இடம் அவளுக்கு மறக்கவில்லை. ஒரு மத்தியானம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறேன், சேலை மட்டும் உரலோடு கிடக்கிறது. முடிச்சு எப்படி அவிழ்ந்ததோ. ஓடினேன். சாய்ப்பில், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாய் விளிம்புக்குப் பக்கத்தில் இருந்தது. பட்டதா, படவில்லையா?

அவளைப் பிடுங்கிக்கொண்டு போய் வாயைக் கழுவினேன். விரலை விட்டு ஈறை வழித்தேன். அவள் வீறிட்டாள். அழுகையில் எச்சில் வடிந்தது. பல் முளைக்கிற பிள்ளைக்கு எப்போதும் எச்சில் வடியும்தான். ஆனால் மருந்து பட்டவர்களுக்கும் வாயில் நீர் ஊற்றும் என்று கேள்விப்பட்டிருந்தேன். இது எந்த எச்சில் என்று நான் யாரிடம் கேட்பது? அன்று பொழுது சாயும்வரை அவளை மடியை விட்டு இறக்கவில்லை. தும்மினால் பயம். கண்ணைக் கசக்கினால் பயம். தூங்கினால் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஆக ஆரம்பித்திருந்தது, நான் கவனிக்கவில்லை. தலைவலி விடாமல் இருந்தது. சோறு பிடிக்கவில்லை. ஊசியில் நூல் கோக்க முடியாமல் கண் மங்கியது. வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் மகளுக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தவள், முகத்தைத் துடைக்கக் கையை உயர்த்தினேன். சோப்புப் போட்டுக் கழுவிய கை. அதில் கட்டிலின் வாடை இருந்தது. முழங்கையை மோந்தேன், அங்கேயும். ரவிக்கையில், சேலையில், கழுத்தில். மகள் மார்பில் முகம் புதைத்து இழுத்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

மரத்துக்குள் போனது இத்தனை நாளாக எனக்குள்ளும் போய்க்கொண்டிருந்தால்? எனக்குள் போனது பாலில் கலக்காதா?

அவளைப் பிரித்தெடுத்தேன். அன்றிலிருந்து அவளுக்கு நான் பால் கொடுக்கவில்லை. பசும்பாலைக் காய்ச்சிச் சங்கில் புகட்டினேன். துப்பினாள், அழுதாள், என் சேலையைப் பிடித்து இழுத்தாள். எனக்கு மார் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தாற்போல் கொதித்தது. பாலைப் பீய்ச்சிச் செடிகூட இல்லாத இடமாகப் பார்த்து ஊற்றினேன். அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தால் பயந்துவிடுவார் என்று நினைத்தேன். உண்மையில், சொன்னால் அது நிசமாகிவிடும் என்றுதான் பயந்தேன்.

இதற்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும் என்றிருந்தது. "எண்ணெப்பச எண்ணெய்க்குத்தான் வரும் தாயி. மண்ணெண்ணெய ஊத்தித் தேச்சுப் பாரேன்" என்றாள் அக்கா. நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். மறுநாள் காலை அவர் தோட்டத்துக்குப் போனதும், மகளை அக்காவிடம் விட்டுவிட்டுக் கட்டிலில் மண்ணெண்ணெயைக் கொட்டிப் பழந்துணியால் தேய்த்தேன். துணி பழுப்பாக வந்தது. இழுக்கிறது, இழுக்கிறது என்று எனக்கு ஒரே வெறி. குனிந்து, முழங்கை வரை நனைய நனையத் தேய்த்தேன். அதன்மேல் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினேன். பழையபடி பாலாக வெளுத்து வடிந்தது. ஆவி குப்பென்று முகத்தில் அடித்தது.

அப்புறம் நடந்ததில் பாதிதான் எனக்கு ஞாபகம். வேர்த்தது. மழையில் நனைந்தவள் மாதிரி வேர்த்தது. வாயில் நீர் ஊறி ஊறி வழிந்தது. நடுப்பகலில் இருட்டிக்கொண்டு வந்தது. சாய்ப்பின் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பார்த்தேன். தொடையில் சதை தானாகத் துடித்தது. பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள் என்று மட்டும் ஒரு நினைப்பு ஓடியது.

அக்கா வந்து பார்த்துக் கூச்சல் போட்டிருக்கிறாள். அவர் ஓடிவந்து என்னைத் தூக்கிப்போட்டுக்கொண்டு வத்தலக்குண்டு போய், அங்கிருந்து வாடகைக் காரில் திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அக்கா குழந்தையோடு கூடவே வந்தாள். வழியெல்லாம் மகளின் அழுகுரல் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அழுகிறாள், அப்படியென்றால் உயிரோடு இருக்கிறாள் என்று அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

ஆஸ்பத்திரியில் என் மேலிருந்து வந்த வாடையை மோந்ததுமே நர்சம்மாவின் முகம் மாறிவிட்டது.

"என்னம்மா, எம்புட்டுக் குடிச்ச?"

"குடிக்கலீங்க" என்றேன். சொன்னேனா, சொன்னதாக நினைத்துக்கொண்டேனா தெரியவில்லை.

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க" என்றாள் அவள்.

எங்கள் பக்கம் கல்யாணமான சிறுபெண் ஒருத்தியிடம் மருந்து வாடை அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வெளியே கூடியிருந்தவர்கள் என் வீட்டுக்காரரைப் பார்த்த பார்வையை அக்கா பின்னால் சொன்னாள். அவர் யாரிடமும் எதையும் விளக்கவில்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாராம்.

டாக்டர் ஒரு பெண். என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு குனிந்து என் வாயை மோந்தார். அப்புறம் என் இரண்டு கைகளையும் எடுத்து மோந்தார்.

"வாயில இல்ல. கையிலதான் இருக்கு. என்னம்மா பண்ணிட்டிருந்த?"

"கட்டல்... கழுவுனனுங்க."

"கட்டிலையா?" என்றவர் நர்சம்மாவிடம் திரும்பி, என் துணிகளை எல்லாம் களைந்து தலைமுதல் கால்வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். ஊசிமேல் ஊசியாகப் போட்டார்கள். என் மகளையும் தூக்கிவரச் சொல்லி, அவள் கண்ணிலும் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பிள்ளை நல்லாருக்கா" என்றார்.

நான் பாலைப் பற்றிக் கேட்டேன். இப்போதைக்கு வேண்டாம், உடம்பு தேறட்டும், அப்புறம் சொல்கிறேன் என்றார். இத்தனை நாள் குடித்தது ஏதாவது செய்யுமா என்று கேட்க வாய் வரவில்லை. ஊசி மருந்து வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. வழிந்துகொண்டிருந்த வாய் இப்போது மணல் தின்றதுபோல் வறண்டுவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பார்ப்பதெல்லாம் கலங்கிய நீருக்குள் தெரிவதுபோல் தெரிந்தது.

அந்த நிலையில்தான் போலீஸ் ஏட்டு ஒருவர் வந்தார். இப்படி வருகிறவர்களை விசாரிப்பது வழக்கமாம். புருசன் அடிப்பாரா, குடிப்பாரா, மாமியார் உண்டா என்று கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். எந்தக் கேள்விக்கு எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. "சரி, நாளைக்கு வாரேன்" என்று போய்விட்டார். அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் ஆட்டிய தலையாட்டலில் ஒன்று தப்பாகப் போயிருந்தால் வெளியே சுவரோரம் உட்கார்ந்திருப்பவரின் கதி என்ன?

மறுநாள் அதைவிடப் பெரிதாக ஒன்று வந்தது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு எங்கள் கத்திரிக்காயை ஏற்றிப்போகும் வண்டிக்காரரிடம், "மருந்துபட்டு மயங்கிட்டா, மச்சான்கிட்டச் சேதி சொல்லிருங்க" என்று என் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். வத்தலக்குண்டிலிருந்து ஒட்டன்சத்திரம் போய்ச் சேர்வதற்குள் அந்தச் சேதி திரிந்துவிட்டது. அங்கே என் அண்ணன் காதில் விழுந்தது, உன் தங்கச்சி மருந்து குடித்துவிட்டாள் என்பது.

அண்ணன் வந்தது எனக்குக் கண்ணால் தெரியவில்லை. வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது, ஏதோ உருண்டது, அக்கா "ஐயோ விடுங்கய்யா" என்று அலறினாள்.

"எம் பொறந்தவள என்னடா பண்ணுனே? சொல்றா!"

"மச்சான், நான் ஒண்ணும்..."

அடி விழுந்த சத்தம். ஒன்றா, இரண்டா. என் வீட்டுக்காரர் திருப்பி அடிக்கவில்லை. அவருடைய மூச்சுத்தான் கேட்டது. யாரோ விலக்கிவிட்டார்கள். அக்கா நடந்ததைச் சொல்லப் பார்த்தாள், அண்ணன் காதில் வாங்கவில்லை. அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் தலையைத் தொட்டார். அவர் முகம் எனக்கு ஒரு மஞ்சள் தீற்றலாகத்தான் தெரிந்தது.

"அம்மிணி, என்னாச்சு அம்மிணி? எங்கிட்டச் சொல்லு. அண்ணன் இருக்கறனல்லோ. பயப்படாமச் சொல்லு."

எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். காற்று, குப்பி, கறை, மண்ணெண்ணெய். நாக்கு புரளவில்லை. முழுப் பலத்தையும் கூட்டி ஒரு வார்த்தையைத்தான் வெளியே தள்ள முடிந்தது.

"கட்டல்..."

"கட்டலா? என்ன கட்டல்?"

"கட்டல்... அப்பா குடுத்த..."

அண்ணனின் கை என் தலையிலிருந்து விலகியது. "கட்டலுக்கா?" என்றார் மெதுவாக. அந்த மெதுவான குரல்தான் எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது. "நாம குடுத்த கட்டல் போதாதுன்னானா? அதுக்கா இந்தப் பாடு படுத்துனான்?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துவிட்டார். எழுந்து வெளியே போனார். வராந்தாவில் அவர் குரல் கேட்டது. இப்போது சத்தம் போடவில்லை.

"வாடா. உன்ற ஊட்டுக்குப் போலாம். அந்தக் கட்டலை நான் பாக்கோணும். பாத்துட்டு உன்னை என்ன பண்றதுன்னு முடிவு பண்றேன்."

இருவரும் போய்விட்டார்கள். அன்று பகல் முழுக்க நான் அந்தப் படுக்கையில் கிடந்ததுபோல் அதற்கு முன்போ பின்போ எங்கும் கிடந்ததில்லை. அண்ணன் கோபக்காரர். எங்கள் ஊரில் வாய்க்கால் தகராறில் ஒருவரை மண்வெட்டிக் காம்பால் அடித்தவர். வீட்டுக்குப் பக்கத்தில் கிணறு இருந்தது. தோட்டத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். கட்டில் சாய்ப்பில் கிடக்கிறது. சீர்க் கட்டிலை மாட்டுக்கொட்டத்தில் போட்டிருக்கிறான் என்று பார்த்ததுமே ஆத்திரம் தலைக்கேறிவிட்டால்? இவர் வாயைத் திறந்து பேசவும் மாட்டார். அக்காவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். "ஒண்ணும் ஆகாது தாயி, ஒண்ணும் ஆகாது" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒற்றை ஆளா, இரண்டு ஆளா என்று காதால் எண்ணினேன்.

பொழுது இறங்கும் நேரத்தில் வந்தார்கள். இரண்டு பேர் வந்தார்கள். கண் கொஞ்சம் தெளிந்திருந்தது. என் வீட்டுக்காரரின் சட்டை தோள்பட்டையில் கிழிந்திருந்தது, உதடு வீங்கியிருந்தது. அண்ணன் அவருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். என்ன நடந்தது என்று அண்ணன்தான் சொன்னார். சாய்ப்பில் கட்டிலைப் பார்த்ததும் மறுபடியும் கை ஓங்கியிருக்கிறார். என் வீட்டுக்காரர் பதில் பேசாமல், தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை மொண்டு அவர் முன்னால் கட்டிலில் ஊற்றியிருக்கிறார்.

"பாலாட்டம் வந்துச்சு அம்மிணி" என்றார் அண்ணன். "இத்தன நாள் கழிச்சும் பாலாட்டம் வருது. பக்கத்துல எறும்பெல்லாஞ் செத்துக் கெடக்குது. கிட்டப் போனதுமே எனக்குத் தலை கிறுகிறுங்குது. நீ இதையவா தெனமும் தேச்சுக்கிட்டிருந்தே?"

"தொட்டீங்களாண்ணா?" என்றேன். நாக்கு இப்போது புரண்டது. "கையக் கழுவுங்க. ரெண்டு பேரும் போயிக் கையக் கழுவுங்க."

டாக்டர் ஏட்டிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார். ஏட்டு மறுபடி வந்து கேட்டபோது என்னால் வாயால் பதில் சொல்ல முடிந்தது. அதோடு அது முடிந்தது. அண்ணன் ஊருக்குத் திரும்பாமல் எங்களோடு தங்கினார். நான் வீடு திரும்புவதற்குள் கட்டிலை என்ன செய்வதென்று இருவரும் யோசித்திருக்கிறார்கள். மேல்பலகையை இழைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஆசாரியைக் கூட்டிவந்திருக்கிறார்கள். அவர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "இதத் தூக்கி இழைச்சா சுருள் பூராம் எம்மேலதான விழுகும்? எனக்கும் பிள்ள குட்டி இருக்கப்பு" என்று போய்விட்டார். எரித்தால் புகை வரும். ஓடையில் விட்டால் ஆடுமாடு குடிக்கும். கடைசியில், கிணற்றுக்கு எட்டாத, தண்ணீர் நிற்காத மேட்டு மூலையில் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பைப் போட்டு, பலகை, கால், சட்டம் எல்லாவற்றையும் அதில் இறக்கி மூடினார்கள். அடித்தவரும் அடிபட்டவரும் பேசிக்கொள்ளாமலே அந்தக் குழியை வெட்டி முடித்ததாக அக்கா சொன்னாள். மூடிய பிறகு அண்ணன்தான் முதலில் பேசினாராம். "மாப்ள, தண்ணி குடிங்க" என்று சொம்பை நீட்டியிருக்கிறார்.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகும் நான் மகளுக்குப் பால் கொடுக்கவில்லை. அவளும் அதற்குள் மறந்திருந்தாள். அவள் நடந்தாள், பேசினாள், பள்ளிக்கூடம் போனாள். ஒவ்வொன்றுக்கும் நான் உள்ளுக்குள் பயந்து காத்திருந்தேன். பேச்சு கொஞ்சம் தாமதமானபோது அதனாலோ, காய்ச்சல் வந்து கண் செருகியபோது அதனாலோ என்று. யாரிடமும் கேட்டதில்லை.

அவள் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது என் பிறந்த ஊரில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த, தூரத்து உறவான ஒரு அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு ரகசியமாகக் கேட்டாள். "இப்பவாச்சும் உன்ற ஊட்டுக்காரன் உன்னை நல்லா வெச்சிருக்கறானா சாமி? மருந்தக் குடிச்சுப் பொழைச்ச உசிரு, பத்தரமா இரு." நான் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் முதுகைத் தடவிக்கொடுத்து, "செரி செரி, அப்படியே சொல்லு" என்றாள்.

மகள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழவில்லை என்று நினைத்திருந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள், வெகுநேரம் கழித்து என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அம்மா, நீ என்னைய விட்டுட்டுச் செத்துப் போகப் பாத்தியா?"

அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். அவள் பயந்திருந்தாள். கல்யாண வீட்டிலிருந்து அதுவரை அவள் அதைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறாள். அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஆடிக் காற்றிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறிய பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் நடுநடுவே கேள்வி கேட்டாள். எறும்பு ஏன் செத்தது, மாமா அப்பாவை எங்கே அடித்தார், நான் எவ்வளவு பெரிசாக இருந்தேன் என்று. நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் செம்பட்டி தாண்டியதும் என் கையை எடுத்து, மூக்கருகே கொண்டுபோய், மோந்து பார்த்தாள்.